சுண்ணாம்புக் கோட்டு வீடு

எங்கள் கண்மாய்க்கரை நகரில் சௌந்தரபாண்டியனின் வீடு ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்பே எழும்பி நின்றுவிட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். நாங்கள் பிளக்கவில்லை. மதுரைக்கு மேற்கே ஒரு கண்மாயைத் தூர்த்து, அதன் வாசலில் வாத்து படம் போட்ட வளைவு ஒன்றை வைத்து, 'நீர்வளம் மிக்க குடியிருப்பு' என்று விற்ற மனைகளில் குடியிருப்பவர்கள் நாங்கள். இல்லாத பூங்காவுக்குப் பராமரிப்புச் சங்கமும், வராத பஸ்ஸுக்கு நிழற்குடையும், தண்ணீர் வராத குழாய்க்கு முறைவைத்துச் சண்டையும் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு. இல்லாத சுவர் ஒன்று கூடுதலாக வந்ததில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

சௌந்தரபாண்டியன் பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர், யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். மனைவி சொன்னால் மட்டும் "பாத்துக்கிருவோம்" என்பார். அவர் வாங்கிப்போட்டிருந்தது ஒன்றரை சென்ட் இடம். அதில் ஒரு கட்டிலைப் போட்டுப் போர்வையை உதறினால் போர்வையின் நுனி பக்கத்து மனைக்காரரின் எல்லைக்குள் போய்விட்டுத்தான் திரும்பும்.

அவர் மனைவி திலகவதி ஜாக்கெட் தைப்பவள். எங்கள் நகரில் கல்யாணமோ காதுகுத்தோ வளைகாப்போ, எதற்கு எடுத்த சேலையானாலும் அதற்கான ஜாக்கெட் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். வாடகை வீட்டில் அவளுடைய மெஷின் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சந்தில் கிடந்தது. யார் குளிக்கப் போனாலும் அவள் எழுந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும்; அவர்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும்போது மறுபடி ஒருமுறை எழ வேண்டும். சொந்த வீடு என்று பேச்சு எடுத்த அன்று அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கெழக்க பாத்து ஒரு சன்னல் வச்சு, அதுக்குக் கீழ மெஷினப் போட்டுக் குடுத்துருங்க. ஊசியில நூலு கோக்க வெளிச்சம் வேணும்ல. வேற எனக்கு ஒண்ணுமே வேணாங்க."

"பாத்துக்கிருவோம் திலகா" என்றார் சௌந்தரபாண்டியன்.

இன்ஜினியர் அருள்மொழி முதலில் போட்டுவந்த பிளானில் அது இருந்தது என்பதை நாங்களே பார்த்தோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி, ஒரு குளியலறை, கிழக்குச் சன்னலுக்குக் கீழே சின்னதாக ஒரு தையலறை. ஒன்றரை சென்ட்டில் அவ்வளவையும் கொண்டுவந்து, காற்று வரவும் ஆள் போகவும் வழி விட்டிருந்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்கள் நகரில் பிளான் என்பது ஜாதகம் மாதிரி, நாலு பேரிடம் காட்டாமல் வைத்துக்கொள்ளக் கூடாது. சௌந்தரபாண்டியனும் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் விரித்தார், டிப்போவில் விரித்தார், துக்கவீட்டுப் பெஞ்சில்கூட விரித்தார், விரித்த இடத்திலெல்லாம் அதற்கு ஒரு அறை கூடியது.

விருதுநகரிலிருந்து அவருடைய அக்கா ரஞ்சிதம் வந்து, "நான் வந்தா எங்க தம்பி படுப்பேன்?" என்று கண்ணைக் கசக்க, விருந்தாளி அறை வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் போனில், வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தனி அறை இல்லாமல் எப்படி ஊருக்கு வருவது என்று கேட்க, ஊருக்கே வராத அவனுக்கு ஒரு அறை வந்தது. டிப்போ நண்பர் ஒருவர் கார் நிறுத்த இடம் கேட்டார். "நம்மகிட்ட கார் இல்லையேப்பா" என்றதற்கு, "வர்றவன் கார்ல வந்தா?" என்றார். அதுவும் சரிதான் என்று கார் நிறுத்தம் வந்தது. படுக்கையறையோடு ஒட்டி ஒரு குளியலறை வந்தது. வேலைக்காரி வந்தால் அவள் நம் குளியலறைக்குள்ளா போவாள் என்று ரஞ்சிதம் கேட்டதில், அடுப்படிக்குப் பின்னால், அடுப்படிக்குள்ளிருந்தே நுழையும்படி, அவளுக்கென்று இன்னொரு குளியலறை வந்தது. எந்த வேலைக்காரி என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியாக வாஸ்து கைலாசம் வந்து, பிளானைத் தலைகீழாகத் திருப்பிவைத்துப் பார்த்து, "ஈசானிய மூலையில தையல் மெஷினா? அது சாமி ஒக்கார்ற எடமப்பா!" என்று உச்சுக்கொட்டினார். தையலறை பூஜையறை ஆனது, கிழக்குச் சன்னல் மாடம் ஆனது.

மெஷின் மாடிப்படிக்குக் கீழே போனது. பிறகு மாடிப்படியே வீட்டுக்கு வெளியே போனது. அப்புறம் மெஷின் எங்கே என்று பிளானில் தேடிய திலகவதியிடம், "ஒரு மெஷினுக்கு எடமா இல்லாமப் போகும்? பாத்துக்கிருவோம்" என்று சொல்லப்பட்டது.

இத்தனையையும் அருள்மொழி கொண்டுவந்துவிட்டார், அதுதான் படிப்பு. ஒவ்வொரு முறையும் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "ஒரு அடி உள்ள தள்ளுனா வந்துரும் சார்" என்பார், வந்துவிடும். ஹாலில் உட்காருகிறவர் முழங்காலை மடக்கித் தாடையில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இந்தத் தள்ளலில் அடுப்படிக் கதவும் கூடவே அலைந்தது. வடக்கே வைத்த கதவு குளியலறையைப் பார்க்கிறது என்று கைலாசம் அதைப் பிளானில் அடித்துவிடச் சொன்னார். மேற்கே மாற்றினால் வராத காருக்கு இடிக்கும் என்று டிப்போ நண்பர் அடிக்கச் சொன்னார். ஹால் பக்கம் வைத்தால் வருகிறவர்களுக்கு அழுக்குப் பாத்திரம் தெரியும் என்று ரஞ்சிதம் அடிக்கச் சொல்லி, பதிலுக்கு, தன் மகள் வீட்டில் இருப்பதுபோலச் சாப்பாட்டைத் தள்ளிக் கொடுக்க ஒரு சின்னப் பொந்து வைக்கச் சொன்னாள். அடித்த மூவரும் கதவு வேறு பக்கத்தில் இருக்கும் என்று நம்பினார்கள். அருள்மொழியும் நம்பினார்.

ஆவணியில் ஒரு வாஸ்து நாளில் பூமி பூஜை நடந்தது. செங்கல்லுக்கு மஞ்சள் தடவி, தேங்காய் உடைத்து, முளைக்குச்சி அடித்து நூல் கட்டி, அந்த நூலைப் பார்த்து அருள்மொழி சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். குடும்பத்தலைவி நிறைகுடத்தோடு அடுப்படியில் நின்றால் வீட்டில் வற்றாது என்று கைலாசம் சொன்னார். ரஞ்சிதம் பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பித் திலகவதியின் இடுப்பில் ஏற்றிவிட்டு, "போய் நில்லு திலகா, எம்புட்டுப் பெருசுன்னு ஒனக்கே தெரியும்" என்று அனுப்பினாள். அவள் அக்கினி மூலையில் போய் நின்றாள். அவளைச் சுற்றி வடக்கே ஒரு கோடு வந்தது, கிழக்கே வந்தது, தெற்கே வந்தது, மேற்கே வந்து முதல் கோட்டைத் தொட்டது.

தொட்டதும் வீடு நின்றுவிட்டது. சத்தம் ஒன்றும் இல்லை. பூஜைக்கு வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்கலாம் என்று திலகவதி நடந்தவள் நெற்றியில் இடித்துக்கொண்டு, "ஆத்தி" என்று நெற்றியைத் தேய்த்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். காற்று கெட்டியாக இருந்தது. அவளுக்கு நாங்கள் தெரிந்தோம், எங்களுக்கு அவள் தெரிந்தாள், நடுவில் சுவர் இருந்தது. கோடு போட்ட இடத்திலெல்லாம் சுவர் இருந்தது. சௌந்தரபாண்டியன் ஹால் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார், தோளால் முட்டிப் பார்த்தார், அப்புறம் முகமெல்லாம் பல்லாக எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா கெட்டியா வந்துருக்கே!"

"லெவலும் சரியா இருக்கு சார்" என்றார் அருள்மொழி.

நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்தோம். முறைப்படி வாசல் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக உடம்பைச் சாய்த்து நுழைந்து, காற்றோட்டமாக இருக்கிறது, வெளிச்சமும் நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுப்படிக்கு மட்டும் போக வழி இல்லை. அதைப் பொந்து வழியாகப் பார்த்து, அடுப்படியும் அருமை என்றோம். திலகவதி பொந்தில் முகத்தை வைத்து, "என்னங்க, இதுக்குக் கதவக் காணோமே" என்றாள்.

"பாத்துக்கிருவோம் திலகா. வந்தவுகளுக்கு மொதல்ல காப்பியப் போடு."

அடுப்பைக் கழற்றிப் பொந்து வழியாக உள்ளே கொடுத்தார்கள். சிலிண்டர் நுழையவில்லை, அது வெளியிலேயே நிற்க டியூப் மட்டும் உள்ளே போனது. தட்டு போகும், பாத்திரம் போகும், கை போகும், சமாளித்தால் தலைகூடப் போகும், தோள் போகாது. அடுத்த முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். பால் காய்ச்ச வேண்டியவள் அடுப்படியிலேயே தயாராக இருக்கிறாள், இப்படி ஒரு பொருத்தம் எந்த வீட்டில் அமையும் என்று வந்தவர்களெல்லாம் வாழ்த்திவிட்டுப் போனார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து சாமான்களைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, தையல் மெஷினுக்கு மட்டும் இல்லை. அதைத் தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்தி ஒரு தார்ப்பாயால் மூடினார்கள்.

அந்த வீட்டோடு நாங்கள் எப்படிப் பழகினோம் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் நாகரிகம் அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. சௌந்தரபாண்டியன் காற்றில் ஆணியடித்துக் காலண்டர் மாட்டினார், நாங்கள் தெருவில் நின்றே ராகுகாலம் பார்த்துக்கொண்டோம். அவர் ஹாலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பது நாலு தெருவுக்குத் தெரியும், ஆனாலும் வாசலில் நின்று தட்டி, "வீட்டுல யாரும் இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அவரும் எங்களைப் பார்த்துக்கொண்டே, "யாரது?" என்பார். கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு, 'அவரு வெளிய போயிருக்காருன்னு சொல்லு' என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பார். கடன் கேட்டு வந்தவர் அதைக் காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, சரி வந்தால் சொல்லுங்கள் என்று போய்விடுவார். வரி போட வந்தவர் சுவரைத் தட்டி, கூரை இல்லாததை அண்ணாந்து பார்த்து, வெயில்தாங்கி கட்டினால் தனி வரி என்று சொல்லிவிட்டுப் போனார். சுவருக்குள் நடப்பதைப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களாகவே பார்க்காமல் இருந்தோம்.

ஆகவே, திலகவதி அந்தச் சின்னச் சதுரத்துக்குள் விடிந்ததிலிருந்து நடந்ததையும், பொந்தில் தட்டுப் போனதையும், தட்டு திரும்பி வந்ததையும், வேலைக்காரிக்கென்று கட்டிய குளியலறையைச் சுற்றி ஆணியடித்துத் தன் பழைய சேலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டதையும், ராத்திரி அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்ததையும் நாங்கள் பார்க்கவில்லை. பெண்கள் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொண்டுவந்து பொந்தில் கொடுப்பார்கள். அவள் வாங்கிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டி வைப்பாள். வெட்டத்தான் முடியும், தைக்க மெஷின் வேண்டும். மெஷின் கூப்பிடு தூரத்தில், கண்ணுக்கு எதிரே, தெருவில் நின்றது. வெட்டிய ஜாக்கெட்டுகள் கையும் முதுகும் தனித்தனியாக மூலையில் குவிந்துகொண்டே போயின. ஒருநாள் சாயங்காலம் அவள் மெஷினைப் பார்த்தபடி நெற்றியைச் சுவரில் வைத்து அழுதாள். வெகுநேரம் அழுதாள். நாங்கள் அண்ணாந்து கொக்குப் போகிறதா என்று பார்த்தோம்.

சுவர் எப்படிப் போகும் என்பது தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. குடிவந்த மறுநாளே ஒரு வெள்ளாடு பூஜையறைக் கோட்டின் மேல் நின்று மூத்திரம் பெய்தது. கோடு கரைந்த இடத்தில் சுவரும் கரைந்து, ஆடு உள்ளே போய்ப் பூஜையறை மாலையைத் தின்றுவிட்டு வந்தது. அருள்மொழி வந்து ஒரு கை சுண்ணாம்பைத் தூவியதும் சுவர் மறுபடி நின்றுகொண்டது. இதை எல்லோரும் பார்த்தோம். திலகவதியும் பார்த்தாள்.

தீபாவளி நெருங்க நெருங்க, ஜாக்கெட் வராதோ என்று எங்கள் பெண்களுக்குக் கவலை வந்தது. அந்தக் கவலையில்தான் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ஒரு கூட்டம் கூடியது. கூட்டத்துக்கு டீ திலகவதிதான் போட்டாள். தம்ளர்கள் பொந்து வழியாக வந்து கை மாறி மரத்தடிக்குப் போயின.

எதிர்வீட்டு ரெஜினா டீச்சர்தான் முதலில் பேசினார். "எதுக்குங்க இம்புட்டுப் பேச்சு? ஒரு கொடம் தண்ணிய ஊத்துனா செவரு போயிரும், அந்தப் புள்ள வெளிய வந்துரும். அன்னைக்கு ஆடு செஞ்சத மனுசங்க செய்ய மாட்டீங்களா?"

எல்லோரும் தம்ளருக்குள் பார்த்தோம். கைலாசம் தொண்டையைச் செருமினார். "பூஜை போட்ட கோடு டீச்சர். அழிச்ச குடும்பம் வெளங்காது. கதவு வைக்கிறதுக்கு ஒரு மொற இருக்கு. இப்பப் பொரட்டாசி, வீட்டு வேலையத் தொடக் கூடாது. ஐப்பசி கார்த்திகை அடமழை. மார்கழி ஆகாது. தையில வைப்போம்."

"அதோட, அடுப்படிச் செவரும் பெட்ரூம் பாத்ரூம் செவரும் ஒண்ணுதான்" என்றார் அருள்மொழி. "அத எடுத்தா பாத்ரூமு தெருவுக்குத் தெரிஞ்சுரும் சார்."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்றார் டீச்சர். அந்தக் கேள்வி அநாகரிகமாக இருந்ததால் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

விருந்தாளி அறைக்கு வந்து தங்கியிருந்த ரஞ்சிதம் மூக்கை உறிஞ்சினாள். "வெளிய வந்து எங்க போகப்போறா அவ? என் வீட்டு அடுப்படிக்குக் கதவு இருக்கு டீச்சர். கல்யாணமாகி வந்த நாள்லருந்து இருக்கு. நான் எங்க போனேன்?" கொஞ்ச நேரம் அவளே அதை யோசித்ததுபோல இருந்தது. அப்புறம், "டீயில சக்கர கம்மி" என்றாள்.

ஒவ்வொருவர் சொன்னதற்கும் சௌந்தரபாண்டியன் அதுவும் சரிதான் என்று தலையாட்டினார், டீச்சர் சொன்னதற்கும் ஆட்டினார். கூட்டம் கலைந்தபோது பொந்திலிருந்து குரல் வந்தது. "என்னங்க, தை மாசம் வரைக்கும் மெஷினு வெளியவேவா கெடக்கும்?"

"பாத்துக்கிருவோம் திலகா."

ஐப்பசி பிறந்து, ஒரு மத்தியானம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. தூர்த்த கண்மாய்க்கு மழை வந்தால் தன் பழைய ஞாபகமெல்லாம் வந்துவிடும், எங்கள் முழங்கால் வரை வரும். எப்போதும் நாங்கள் அவரவர் சாமானைக் கட்டில்மேல் ஏற்றுவோம். அன்று சௌந்தரபாண்டியன் தெருவில் இறங்கி, "ஐயோ வீடு போகப்போகுதே! கோடு நனஞ்சா வீடே போச்சே!" என்று கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து எங்களுக்கு மனது கேட்கவில்லை. எங்கள் நகரின் ஒற்றுமையை அன்று பார்த்திருக்க வேண்டும். ஒருவர் சாமியானாவைத் தூக்கிவந்தார், ஒருவர் பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸைக் கழற்றி வந்தார், ஒருவர் தன் பைக்கை நனையவிட்டு அதன் உறையை உருவிவந்தார். வாசல் கோட்டை மூடினோம், ஹால் கோட்டை மூடினோம், வராத காரின் கோட்டை மூடினோம், ஊருக்கு வராத மகனின் கோட்டை மூடினோம், அடுப்படியின் நாலு கோட்டையும் கல் வைத்து ஒழுங்காக மூடினோம். அவள் உள்ளே நின்று ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளி அறைக்கு மட்டும் மூட ஒன்றும் இல்லை. பெருந்தூறல் விழத் தொடங்கிவிட்டது. உள்ளே கட்டிலில் நின்றுகொண்டு ரஞ்சிதம், "தம்பி, என் செவரு! என் செவரு!" என்று அலறினாள். சௌந்தரபாண்டியன் நாலு பக்கமும் பார்த்தார். வேப்பமரத்தடிக்கு ஓடினார். மெஷின்மேல் இருந்த தார்ப்பாயை உருவினார்.

"என்னங்க! அது மெஷினுங்க!"

அந்தக் குரலை நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் இரண்டு கையாலும் சுவரை அறைந்தாள். "நனஞ்சா தையாதுங்க! அத மூடுங்க!"

"செவரு போயிரும் திலகா! மெஷின அப்பறம் பாத்துக்கிருவோம்!" என்று ஓடிக்கொண்டே சொன்னார் அவர், தார்ப்பாயைக் கொண்டுபோய் அக்காவின் கோட்டின்மேல் போட்டு, அது பறக்காமல் இருக்க அதன்மேல் தானே படுத்துக்கொண்டார்.

மழை மெஷின்மேல் நேராகக் கொட்டியது. பலகையில் தண்ணீர் தேங்கி, சக்கரத்தில் வழிந்து, பெல்ட் வழியாக மிதிபலகைக்குச் சொட்டியது. திலகவதி அறைவதை நிறுத்திவிட்டாள். பிறகு மூலைக்குப் போய், பூமி பூஜையன்று ரஞ்சிதம் நிரப்பிக் கொடுத்த அதே பித்தளைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரருகே வந்தாள்.

"அடியே, என்ன செய்யப்போற?" என்றாள் ரஞ்சிதம்.

"மொத நாளே கொடம் என் கையிலதான் மதினி இருந்துச்சு" என்றாள் திலகவதி. "நான் ஊத்தியிருப்பேன். யாராச்சும் ஒருத்தர் எனக்காக ஊத்துவீகன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

கோட்டை மூடியிருந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தாள். சுண்ணாம்பு பால்போல் கலங்கியது, அதைக் காலால் ஒருமுறை தேய்த்தாள், தேய்த்த இடத்தில் காலெடுத்து வைத்து வெளியே வந்தாள். அவ்வளவுதான் வேலை, அவ்வளவுக்குத்தான் தை மாசம் வரை பொறுத்திருக்கச் சொன்னோம். அவள் எங்களில் யாரையும் பார்க்காமல் நேராக வேப்பமரத்தடிக்குப் போய், முந்தானையால் சக்கரத்தைத் துடைத்தாள், ஊசியைத் துடைத்தாள், அப்புறம் திரும்பி வந்து வீட்டை மூடியிருந்த சாமியானாவின் ஒரு மூலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து, அதைக் கொண்டுபோய் மெஷினை மூடினாள்.

மழை உள்ளே புகுந்தது. ஹால் போனது, படுக்கையறை போனது, குளியலறைகள் போயின, காலண்டர் சேற்றில் விழுந்தது. கட்டிலின்மேல் நின்றிருந்த ரஞ்சிதம், சுற்றிலும் ஒன்றும் இல்லாமல், நட்டநடுத் தெருவில் நிற்பதுபோல் நின்றாள். "வீடு போச்சே" என்று நாங்கள் தலையில் கைவைத்தோம். சௌந்தரபாண்டியன் தார்ப்பாயின் மேல் எழுந்து உட்கார்ந்து, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்த்தார். வெறும் சேறு இருந்தது.

வெயில் வந்து மனை காய்ந்த அன்று காலையில் திலகவதி மெஷினை அதன் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். ரெஜினா டீச்சர் ஒருபக்கம் பிடித்தார். சக்கரத்தில் எண்ணெய் விட்டு, இரண்டு தடவை சும்மா ஓட்டிப் பார்த்தாள், கிறீச்சிட்டுவிட்டு அப்புறம் ஓடியது. அருள்மொழி விட்டுப்போன சுண்ணாம்பு மூட்டையிலிருந்து ஒரு முறம் அள்ளிக்கொண்டாள். நூல் கட்டவில்லை, முளைக்குச்சி அடிக்கவில்லை. பத்தாத துணியைக் கொடுத்துவிட்டு முழுக்கை வேண்டும் என்பவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அந்த ஒன்றரை சென்ட்டை ஒருமுறை பார்த்தாள். முதலில் கதவுக்கு இடம் விட்டாள், அகலமாக, இரண்டு பேர் சேர்ந்து வரலாம்போல. அப்புறம் கிழக்கே சன்னலுக்கு விட்டாள். அதற்குப் பிறகுதான் மெஷினைச் சுற்றிச் சுவரை இழுத்தாள். இழுத்து முடித்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, குவியலின் மேலிருந்த ஜாக்கெட்டை எடுத்துத் தைக்கத் தொடங்கினாள். மீதி மனை வெறுமனே கிடந்தது.

நாங்கள் வரிசையில் நின்றோம். ரஞ்சிதம் தன் அறை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள், இந்தமுறை கண்ணைக் கசக்காமல். கைலாசம் சாமிக்கு எந்த மூலை என்று பணிவாக விசாரித்தார். டிப்போ நண்பர் காரைப் பற்றி ஒன்றும் கேட்காமல், அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயம், ஜாக்கெட் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். அதற்கு மட்டும் கிடைக்கும் என்றாள்.

எல்லோரும் போன பிறகு சௌந்தரபாண்டியன் வந்தார். கையில் கட்டில் போர்வையைச் சுருட்டி வைத்திருந்தார். கதவுக்கு விட்டிருந்த இடம் அகலமாகத் திறந்து கிடந்தது. அவர் அதற்கு நேரே நிற்காமல் சற்றுத் தள்ளி, சுவர் இருக்கும் இடத்தில் நின்று, விரலால் மெதுவாகத் தட்டினார்.

"யாரது?" என்றாள் திலகவதி. அவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

"நான்தான் திலகா." போர்வையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "எனக்கு... எனக்கு எங்கன்னு..."

அவள் கைத் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஜாக்கெட்டை உதறி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"பாத்துக்கிருவோங்க" என்றாள்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில், இன்னொருமுறை தட்டினார்.